சொத்தை இல்லாத கத்திரிக்காய்

ஜனவரி 3, புதன்

இந்த டைரியைக் கொடுத்தவர் பக்கத்துத் தோட்டத்து நாச்சிமுத்து அண்ணன். அவர் பூச்சிமருந்து வாங்கும் கடையில் இரண்டு கொடுத்தார்களாம், ஒன்று உபரி என்றார். அட்டைப் படத்தில் ஒரு பச்சைப்புழு மல்லாந்து செத்துக் கிடக்கிறது. ரசாயனம் ஒரு சொட்டுகூட விடாமல் விவசாயம் செய்கிற என்னைத் தேடி வந்து இதைக் கொடுப்பானேன்? சோழியன் குடுமி சும்மா ஆடாது. எங்கள் தோட்டத்தின் கிழக்கு வேலி அவருடைய தக்காளிக் காட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அவர் வேலியோரம் நின்று இந்தப் பக்கம் பார்ப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கத்திரியில் புழு. பறித்ததில் பாதி மாட்டுக்குப் போயிற்று.

ஜனவரி 7, ஞாயிறு

வாசல் கொட்டகையில் வாராந்திர விற்பனை. ஊரிலிருந்தும் உடுமலையிலிருந்தும் வழக்கமாக வருகிறவர்கள் வந்தார்கள். கீரை போயிற்று, வெண்டை போயிற்று, கத்திரி மட்டும் கூடையிலேயே இருந்தது. "புழு இருந்தா நல்லதுதானுங்க, வெசம் இல்லேன்னு அர்த்தம்" என்று ஒவ்வொருவரும் சொல்கிறார்கள். சொல்லிக்கொண்டே ஓட்டை இல்லாத காயாகப் பார்த்துப் பொறுக்குகிறார்கள்.

சுகந்தி டீச்சர் மட்டும் சொத்தைக் காயையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். எங்களிடம் வாங்குகிறவர்களையெல்லாம் ஒன்று சேர்த்தவர் அவர்தான். அவர் வேண்டாம் என்றால் மற்றவர்களும் வேண்டாம் என்பார்கள். அவருடைய மருமகள் மாசமாக இருக்கிறாள். "வெட்டிப் போட்டுட்டு மிச்சத்த செய்யறேன். உங்க தோட்டத்துதுன்னாத்தான் அவளுக்குக் குடுக்க எனக்குத் தைரியம்" என்றார்.

இவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இவர் என்றால் என் வீட்டுக்காரர், திருமூர்த்தி. நாலு வருடம் முன்பு திருப்பூர் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்தவர். வந்த புதிதில் இதே கத்திரியைப் பார்த்து, "ஒரு மூடி மருந்து ஊத்துனா முடிஞ்சுது, இதுக்குப் போயி ஏன் இத்தன பாடு?" என்று கேட்டார். அவர் மறந்திருப்பார். நான் மறக்கவில்லை. இந்த மாதிரி விஷயங்களை நான் மறப்பதில்லை.

ஜனவரி 9, செவ்வாய்

விடிந்ததும் இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசல் அடித்தேன். இந்த முறை காரத்தைக் கொஞ்சம் தூக்கலாகவே போட்டேன். கை இன்னும் எரிகிறது.

செவ்வாய்க்கிழமை உடுமலையில் வீட்டுக்கு வீடு பை கொடுக்கும் நாள். இருவரும் வண்டியில் கிளம்பும்போது நாச்சிமுத்து அண்ணன் முதுகில் மருந்தடிக்கும் டேங்க்கோடு தக்காளிக்குள் நின்றுகொண்டிருந்தார். "அம்மிணி, கத்திரிக்கு என்னத்தையோ அடிச்சீங்களாட்ட இருக்குது. புழு செத்துதுங்களா, தும்முச்சுதுங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். இவரும் சேர்ந்து சிரித்தார். இவர் ஏன் சிரிக்க வேண்டும்?

ஜனவரி 17, புதன்

பட்டிப்பொங்கலுக்கு வந்த உறவுக்காரர்கள் எல்லாம் இன்றுதான் கிளம்பினார்கள். வெறுமனே கத்திரிக்காட்டை ஒரு சுற்றுச் சுற்றினேன். நம்பவே முடியவில்லை. கிழக்கு வேலியோரச் செடிகளில் ஒரு காயில்கூட ஓட்டை இல்லை. எண்ணெய் தடவி வைத்த மாதிரி மினுங்குகிறது. என் கரைசல் வேலை செய்துவிட்டது! மேற்குப் பக்கத்தில் இன்னும் புழு இருக்கிறது. அங்கே தென்னை நிழல் விழுகிறது, அதனால் இருக்கும்.

இவரை இழுத்து வந்து காட்டினேன். காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்தக் கரைசல்ல என்ன கலந்த?" என்று கேட்டார். இஞ்சி, பூண்டு, மிளகாய் என்றேன். "அவ்வளவுதானா?" என்றார். ஒரு வார்த்தை நன்றாக இருக்கிறது என்று சொன்னால் வாய் தேய்ந்தா போகும்?

ஜனவரி 21, ஞாயிறு

கத்திரி முதலில் தீர்ந்தது. இப்படி ஒரு நாள் வந்ததேயில்லை. எல்லோரிடமும் கரைசல் செய்யும் பக்குவத்தைச் சொன்னேன். ஒரு அம்மா எழுதியே வாங்கிக்கொண்டார்.

டீச்சர் மட்டும் ஒரு காயைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "ஒண்ணுலகூட சொத்தை இல்லீங்களே, சாந்தாமணி" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று தெரியவில்லை. நாலு காயைத் தனிப் பையில் போட்டு முடிச்சுப் போட்டார். சமைக்க எடுக்கிறவர்கள் முடிச்சுப் போட மாட்டார்கள்.

ஜனவரி 24, புதன்

கிழக்கு வரப்பில் தேனீக்கள் செத்துக் கிடந்தன. பனி அதிகம்.

ஜனவரி 27, சனி

நாச்சிமுத்து அண்ணன் தன் மகளின் பிரசவத்துக்காகத் தாராபுரம் போகிறார். வர நாளாகுமாம். வேலியோரம் வந்து, "கத்திரி நல்லா இருக்குதுங்களா அம்மிணி?" என்று கேட்டார். "ரொம்ப நல்லா இருக்குதுங்கண்ணா" என்றேன். முகமெல்லாம் சிரிப்பு. எங்கள் காய் நன்றாக வந்தால் அண்ணனுக்கு என்ன இத்தனை சந்தோஷம்? இடத்துக்கு விலை பேச அடிபோடுகிறார் என்றுதான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

டீச்சர் ஸ்கூட்டரில் தனியாக வந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. அந்த நாலு காயையும் கோயம்புத்தூரில் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறார். காயில் விஷம் இருக்கிறதாம். அந்தப் பெயரை இங்கே எழுத என் கை வரவில்லை.

"எங்க வீட்டுல மாசமான பொண்ணு இருக்குதுங்க, சாந்தாமணி. உங்கள நம்பித்தான குடுத்தேன்?" என்றார். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். குரல் உடைந்துவிட்டது. நான் அடிக்கவில்லை என்று சாமி மேல் சத்தியம் செய்தேன். "அப்ப யாருங்க?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வருவார்கள், அன்றைக்குப் பதில் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் போன பிறகு கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தத் தோட்டத்தில் வேறென்ன இருக்கிறது, என் பேரைத் தவிர?

பிப்ரவரி 3, சனி

அப்ப யார்? நான் அடிக்கவில்லை. களையெடுக்க வரும் பழனாத்தா மருந்து வாடைக்கே தலைசுற்றி விழுகிறவள். மிச்சம் ஒரே ஆள்.

காலையில் இவருடைய சட்டைகளை எல்லாம் மோந்து பார்த்தேன். வேர்வைதான். அடித்தவர் துவைக்காமலா வைத்திருப்பார்? மோட்டார் ரூமில் பலகைக்குப் பின்னால், சாக்குக்கு அடியில், எல்லா இடமும் தேடினேன். ஒரு பாட்டிலும் இல்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருக்கிறது. அந்த ரூம் இத்தனை சுத்தமாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

மத்தியானம் நான் களத்துப் பக்கம் வந்தபோது என் கரைசல் வாளிக்குள் தலையை விட்டு எதையோ மோந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சட்டென்று நிமிர்ந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல. வாளி கழுவலாம்னு."

நாலு வருடத்தில் ஒரு நாளாவது வாளி கழுவியிருக்கிறாரா? அதில்தான் எதையோ கலந்திருக்கிறார். மிச்சம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறார்.

சாப்பிடும்போது மறுபடியும் கேட்டார். "சாந்தா, அன்னிக்கி கரைசல்ல என்னதான் கலந்த? எங்கிட்டச் சொன்னா என்ன?" நான் பதில் சொல்லவில்லை. பழியை என் வாளிக்குத் திருப்பப் பார்க்கிறார். எவ்வளவு சாமர்த்தியம்! என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பாவமாகத் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போனார். பாதிச் சோறு தட்டிலேயே இருந்தது.

நாளைக்குக் காலையில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிடப் போகிறேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

எல்லோரும் வந்து கொட்டகையில் உட்கார்ந்தார்கள். டீச்சர் நடந்ததைச் சொல்லி முடித்தார். என் பக்கம் எல்லா முகமும் திரும்பியது. நான் வாயைத் திறப்பதற்குள் இவர் எழுந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"நான்தானுங்க அடிச்சேன். புழுவப் பாக்கச் சகிக்கல. அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

நினைத்தது சரியாகிவிட்டால் மனசு ஆறும் என்று எண்ணியிருந்தேன். ஆறவில்லை. டீச்சர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களப் போயித் தப்பா நெனச்சுட்டேனே" என்று அழுதார். நானும் அழுதேன். பிறகு எனக்கு வந்த ஆத்திரத்தில், அத்தனை பேர் முன்னாலும், "இனி இந்தத் தோட்டத்துல நீங்க கால் வெக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டேன்.

சரி என்றார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. திட்டினால் திருப்பித் திட்டுகிற மனுஷன்தான். மத்தியான பஸ்ஸுக்கே ஒரு பையோடு திருப்பூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். போகும்போது வாசலில் நின்று, "இனிமேலாவது பாத்து இருந்துக்க" என்றார். செய்வதையும் செய்துவிட்டு எனக்குப் புத்தி சொல்கிறார்.

பிப்ரவரி 6, செவ்வாய்

கத்திரி அத்தனையும் பிடுங்கி முடித்தாயிற்று. மாட்டுக்குக்கூடப் போடவில்லை. குழி வெட்டிப் புதைத்தோம். பழனாத்தா, "புள்ளயப் பொதைக்கிற மாதிரி இருக்குதுங்க்கா" என்றாள். வாயை மூடிக்கொண்டு வெட்டு என்றேன்.

பிப்ரவரி 8, வியாழன்

மோட்டார் ஓடவில்லை. சுவிட்சை அழுத்தும்போது பெட்டியை ஒரு தட்டுத் தட்ட வேண்டும், எந்த இடத்தில் என்பது அவருக்குத்தான் தெரியும். நான் எல்லா இடத்திலும் தட்டிப் பார்த்தேன். கீரை வாடுகிறது.

அவர் துண்டு கொடியிலேயே கிடக்கிறது. எடுத்து வைக்க நேரமில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

இதுவரை இல்லாத கூட்டம். புதிதாக எட்டுப் பத்துக் குடும்பங்கள். "கட்டுன புருசனையே வெளிய அனுப்பிச்ச அம்மா. அப்படி ஒரு சுத்தம்" என்று டீச்சர் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். வந்தவர்கள் என்னைக் கோயில் சிலையைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. பொய் எதற்கு, நன்றாகவே பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று தெரியாமல் நின்றேன். வழக்கம் போலவே போட்டேன். மிச்சத்துக்குத் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 15, வியாழன்

திருப்பூரிலிருந்து நாத்தனார் போன் செய்தார். எடுக்கவில்லை. அடித்தவருக்காகத்தான் பரிந்து பேசுவார்.

பிப்ரவரி 20, செவ்வாய்

எழுத்து கோணலாகத்தான் வரும்.

உடுமலைக்குப் பைகளை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றேன். பஸ் வரவில்லை. வெயிலில் நிற்க முடியாமல் பைகளோடு திரும்பி வந்தேன். கிழக்குப் பக்கம் உஸ் உஸ் என்று சத்தம். போய்ப் பார்த்தால், எங்கள் கிளுவை வேலிக்கு இந்தப் பக்கம், எங்கள் வெண்டைக்கு நடுவில், முதுகில் டேங்க்கோடு நாச்சிமுத்து அண்ணன். தாராபுரத்திலிருந்து நேற்றுத்தான் திரும்பியிருக்கிறார். பாட்டுக்கூட முனகிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்து ஓடவும் இல்லை, ஒளியவும் இல்லை. சிரித்தார்.

"டேங்க்ல கொஞ்சம் மிச்சம் இருந்துதுங்க அம்மிணி. கீழ ஊத்துனா வீணாத்தான போவும்? வெண்டையில பேன் புடிச்சுக் கெடக்குது. நம்ம திருமூர்த்தி மாப்ளயும் திருப்பூரு போயிட்டாருன்னாங்க. ஒண்டியாக் கெடந்து அல்லாடறீங்களேன்னு..."

"கத்திரிக்கும் நீங்கதானுங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க. நீங்க பை குடுக்கப் போற அன்னிக்கு ரெண்டு தடவ. இந்த வேலியோரம் எட்டுற மட்டும். சொன்னா நீங்க வேண்டாம்பீங்க. அதான் சொல்லல." பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு, உண்மையான வருத்தத்தோடு கேட்டார். "ஏனுங்க அதையெல்லாம் புடுங்கிப் போட்டீங்க? எத்தன நல்லா வந்துச்சு!"

மிச்சத் தண்ணீரை அடுத்த காட்டுக்குத் திருப்பிவிடுவது இங்கே எல்லோரும் செய்வதுதான். போன கோடையில் அவர் வாய்க்கால் மிச்சம்தான் எங்கள் கீரையைக் காப்பாற்றியது. அன்றைக்கு நான் நன்றி சொன்னேன். இன்றைக்கும் அதையே எதிர்பார்த்து நின்றார்.

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று நினைவில்லை. விஷத்தைக் கொண்டுவந்து ஊற்றி என் குடியைக் கெடுத்துவிட்டீர்களே என்றது மட்டும் நினைவிருக்கிறது. அவர் முகம் சுண்டிவிட்டது. டேங்க்கைக் கீழே இறக்கி வைத்தார்.

"வெசமுங்களா? நாங்க அதத்தானுங்க திங்கறோம். தாராபுரத்துல எம்பொண்ணு பெத்துக் கெடக்கறா, அவளுக்கும் அந்தத் தக்காளியத்தான் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்திருக்கறேன்."

அவர் போன பிறகும் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் அடித்தார், சரி. அப்படியென்றால் இவர் ஏன் அடித்தேன் என்றார்?

பிப்ரவரி 21, புதன்

திருப்பூர் போனேன். நாத்தனார் கதவைத் திறந்துவிட்டு, அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டார். இவர் வேலையிலிருந்து வரும்வரை கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். மறுபடி அதே கம்பெனி, தைத்த துணியைச் சரிபார்க்கும் பீஸ் செக்கிங். சட்டையெல்லாம் பஞ்சு. இளைத்திருக்கிறார்.

"அடிச்சது நாச்சிமுத்தண்ணன்" என்றேன்.

அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "அவரா? அப்ப நீயில்லையா?"

"நானா?"

"நீதான் அடிச்சேன்னு நெனச்சன், சாந்தா. ஒரே வாரத்துல புழு போச்சு. என்ன கலந்தேன்னா சொல்ல மாட்டீங்கற. பாதிக் காயி மாட்டுக்குப் போறது பொறுக்காம, கையி தவறி ஒரு தடவ ஊத்திட்டயாட்ட இருக்குதுன்னு நெனச்சுட்டன். அத்தன பேரு முன்னால நீ மாட்டிக்கிட்டு நிக்கறத எப்படிப் பாக்கறது? உம் பேரு போனா தோட்டம் போச்சு. எம் பேர்ல என்ன இருக்குது?"

எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது கோபம்தான். நாலு வருடம் ராப்பகலாக இந்த மண்ணோடு கிடக்கிறவளைப் பார்த்து, கூடவே இருக்கிற மனுஷன் இப்படி நினைப்பாரா? "என்னயப் போயி எப்படிங்க நெனச்சீங்க? ஒரு வார்த்த கேட்டிருக்கலாமல்ல?" என்று சண்டைக்கு நின்றேன்.

அவர் அமைதியாக, "நீ என்னய நெனக்கலையா?" என்றார்.

உள்ளே நாத்தனார் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றுவிட்டது.

பிப்ரவரி 24, சனி

கூட்டம் கூட்டிச் சொல்ல வேண்டாம் என்கிறார் இவர். "எல்லாம் சரியாப் போயிட்டிருக்குது. நான் திருப்பூர்லயே இருந்துட்டுப் போறேன். மறுபடி கிண்டுனா ஒருத்தரும் வர மாட்டாங்க" என்று போனில் சொன்னார். அவர் சொல்வது உண்மை. வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் கோயில் சிலையாகவே இருக்கலாம். ஊருக்கெல்லாம் விஷம் கொடுத்தவன் என்ற பேரோடு அவர் இருப்பார்.

இருட்டுவதற்குள் மருந்து பட்ட வெண்டையைப் பிடுங்கிப் போட்டேன். நாளைக்கு வாருங்கள் என்று அவருக்குச் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

இவர் முதல் பஸ்ஸில் வந்து, வாசலுக்கு வெளியே நின்றார். கால் வைக்கக் கூடாது என்று சொன்னவள் நான்தானே. நானே போய் உள்ளே கூட்டி வந்தேன். கொட்டகையில் முணுமுணுப்பு எழுந்தது.

நடந்ததைச் சொன்னேன். யாரும் நம்பவில்லை. "புருசனத் திரும்பக் கூட்டிக்கறதுக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் மேல போடறீங்களா?" என்று ஒருவர் கேட்டேவிட்டார். அப்போது நாச்சிமுத்து அண்ணன் எழுந்தார். நான் அழைத்திருந்தேன், ஆனாலும் வருவார் என்று நினைக்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். "நான்தானுங்க அடிச்சேன்" என்றார்.

"போன தடவ அவரு, இந்தத் தடவ இவரு. அடுத்த வாரம் யாருங்க?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிவந்துபோய் உட்கார்ந்தார்.

டீச்சர் சிரிக்கவில்லை. நேராக இவரைப் பார்த்துக் கேட்டார். "நீங்க அடிக்கலைன்னா, அன்னிக்கு ஏனுங்க ஒத்துக்கிட்டீங்க?"

இவர் என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. திறக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. இன்னொரு முறை பழியைத் தலையில் போட்டுக்கொண்டு திருப்பூர் பஸ் ஏறினாலும் ஏறுவாரே தவிர, அதைச் சொல்ல மாட்டார். நான்தான் சொன்னேன்.

"நான் அடிச்சுட்டேன்னு நெனச்சுட்டாருங்க. எம் பேரு கெட்டுறக் கூடாதுன்னு அவரு ஏத்துக்கிட்டாரு."

"கூட இருக்கற வீட்டுக்காரரே உங்கள நம்பலைங்களா?" டீச்சர் மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் அத்தனை பேருக்கும் கேட்டது. பக்குவம் எழுதி வாங்கிக்கொண்ட அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நம்பலைங்க. நானும் அவர நம்பல. அன்னிக்கு அவரு எந்திரிக்காம இருந்திருந்தா, நீங்கதான் அடிச்சீங்கன்னு நானே இங்க வெச்சுக் கேட்டிருப்பேன்."

டீச்சர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, "இது நெசந்தானுங்க. இந்த மாதிரி ஒண்ண, இல்லாததுக்கு யாரும் எந்திரிச்சு நின்னு சொல்ல மாட்டாங்க" என்றார்.

அதற்காக எல்லாம் சரியாகிவிடவில்லை. பாதிப் பேர் வெறும் பையோடு திரும்பினார்கள். கிழக்கு வேலியோரம் விளையும் எதையும் இந்த வருடம் முழுவதும் விற்கக் கூடாது என்று முடிவாயிற்று. டீச்சர் மேற்குப் பக்கத்துக் கீரையில் ஒரே ஒரு கட்டு எடுத்தார். அதையும் மருமகளுக்குக் கொடுப்பாரா என்று நான் கேட்கவில்லை. நாச்சிமுத்து அண்ணன் யாரிடமும் பேசாமல் வேலியைச் சுற்றிக்கொண்டு போனார். அவரை நாளைக்குப் போய்ப் பார்க்க வேண்டும், என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை.

எல்லோரும் போன பிறகு இவர் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து வரப்பில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீங்க அடிச்சீங்களா?" என்று கேட்டேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தார். "இன்னுமா உனக்குச் சந்தேகம்?"

"சந்தேகமில்லைங்க. அன்னிக்குக் கேக்கல. இப்பக் கேக்கறேன்."

"அடிக்கல" என்றார். பிறகு, தயங்கித் தயங்கி, அவரும் கேட்டார்.

"நீ?"